ராஜாவின் மோதிரம் திருடன் கையில்!
கம்ப்யூட்டரில் பத்து ஆண்டு ஒளிந்திருந்த ஓட்டை

அறந்தாங்கிக்கு அருகே இருக்கிறது, ஆவுடையார்கோவில். அது எழுந்த கதை ஊர் அறிந்தது.

குதிரை வாங்கி வரும்படி மாணிக்கவாசகரிடம் பொன் கொடுத்து அனுப்பினான், பாண்டிய மன்னன். அவரோ அந்தப் பொன்னைக் கொண்டு கோவில் எழுப்பினார்!

அரசன் கொடுத்த அதிகாரம், அரசன் நினையாத காரியத்துக்குப் பயன்பட்டது. அடியவர் கையில் அது கோவில் ஆயிற்று. திருடன் கையில் அகப்பட்டால்?

கம்ப்யூட்டர் நிபுணர்களின் கவலை இதுதான்.

"ரூட்" என்ற ராஜா

லினக்ஸ் வகைக் கம்ப்யூட்டரில் ஒரு ராஜா உண்டு. பெயர் "ரூட்". எதையும் படிப்பார், எதையும் அழிப்பார். மற்றவர்கள் குடிமக்கள்.

சில வேலைகளுக்குக் குடிமகனுக்கும் ராஜாவின் அதிகாரம் தேவைப்படும். அப்போது முத்திரை மோதிரம் போல அதை வழங்கும் புரோகிராமின் பெயர் "சூடோ". 1980-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் பிறந்தது. இன்று உலகம் எங்கும் இருக்கிறது.

ஒரு சாய்கோடு!

2011 ஜூலையில் சூடோவில் ஒரு பிழை புகுந்தது. கட்டளையின் கடைசியில் ஒரு சாய்கோடு நின்றால் போதும். எல்லை எது என்று தெரியாமல், தனக்கு ஒதுக்கிய இடத்தையும் தாண்டி எழுதியது சூடோ. அதைக் கொண்டு சாதாரணக் குடிமகன் ராஜா ஆகிவிடலாம்!

2021 ஜனவரி 26-ந் தேதி குவாலிஸ் நிறுவனத்தார் இதை வெளியிட்டனர். உடனே திருத்தமும் வந்தது. ஆனால் ஒன்பதரை ஆண்டுகள் ஓடிவிட்டன!

அதோடு முடிந்ததா? இல்லை. 2025 ஜூனில் சூடோவில் வேறொரு ஓட்டை வெளிப்பட்டது. அதைப் பயன்படுத்தித் தாக்குதல் நடப்பதாக அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு எச்சரித்தது.

நமக்கு என்ன?

2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோசுடன் "பாஸ்" என்பதும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாசும் லினக்ஸ் குடும்பம்தான்!

வீட்டுக்குள் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதுதான் "ஸ்கிரிப்ட்". செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி வைத்த சீட்டு அது. "தினமும் இரவு கணக்கைப் பிரதி எடு" என்று எழுதி, ராஜாவின் பெயரால் ஓட விடுவார்கள்.

அந்தச் சீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டுவிட்டால்? பகலில் ஒருவன் ஒரு வரி சேர்ப்பான். இரவில் ராஜாவே அதை நிறைவேற்றுவார்! மதிப்பெண் மாறலாம், ஆஸ்பத்திரிக் குறிப்பு அழியலாம்.

காப்பது எப்படி?

இந்த ஓட்டைகளைப் பயன்படுத்த, திருடன் முதலில் குடிமகனாக உள்ளே நுழைந்திருக்க வேண்டும். ஆகவே பாஸ்வேர்டைப் பிறருக்குச் சொல்லக் கூடாது. கம்ப்யூட்டர் "அப்டேட்" கேட்டால் தள்ளிப் போடக் கூடாது. ஓட்டையை அடைக்கும் மருந்து அதில்தான் வருகிறது. ராஜாவின் பெயரால் ஓடும் ஸ்கிரிப்டை ராஜாவைத் தவிர யாரும் திருத்த முடியாதபடி பூட்ட வேண்டும். எங்கிருந்தோ வந்த கட்டளையைப் பொருள் தெரியாமல் சூடோவிடம் கொடுக்கக் கூடாது.

வேலைக்கு வேண்டிய அதிகாரத்தை மட்டும் கொடு. வேலை முடிந்ததும் திரும்ப வாங்கு. அரண்மனைக்கும் இதுதான் சட்டம்; கம்ப்யூட்டருக்கும் இதுதான் சட்டம்!