அச்சில் இல்லாதது பொம்மையில் வராது

கணிப்பொறித் திரையில் செஸ்னா 172 பயிற்சி விமானத்தை ஓட்டிப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கலாம். அது உண்மை விமானத்தைப் போலவே பறக்கிறதா? ஓரளவுதான் என்பது என் கருத்து.

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்ய, களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சில் இல்லாத மூக்கு பொம்மையில் வராது. சிமுலேட்டருக்கு அச்சு எது? விமானத்தை அளந்து பெற்ற எண்களே.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடக்கூட, தூக்குவிசையும் சீராகக் கூடும். இதுவரை அச்சு துல்லியமானது. கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரியும், தூக்குவிசை சரியும். இதுவே 'ஸ்டால்'. ஓர் இறக்கை முந்திக்கொண்டால் விமானம் சுழன்று விழும். குழம்பிப் புரளும் அந்தக் காற்றை அளப்பது கடினம். அங்கே அச்சு மழுங்கிவிடுகிறது. தரையிறங்கத் திரும்பும்போது இது நேர்ந்தால், மீள்வதற்கு உயரம் போதாது.

உடல் உணர்வும் வேறு. உயரம் மாறாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால், இருக்கை உங்களை இரு மடங்கு விசையுடன் அழுத்தும். ஸ்டால் வேகம் 1.4 மடங்காகும். திரை இதைக் கணக்கிடும். வீட்டு நாற்காலி அழுத்தாது.

ஆகவே சிமுலேட்டர் வீணா? இல்லை. 1929இல் எட்வின் லிங்க், ஆர்கன் இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டு அமைத்த பயிற்சிப் பெட்டி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க லட்சக்கணக்கானோருக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தைத் தரையில் கற்கலாம். ஸ்டாலிலிருந்து மீளும் பாடத்தையோ, போதிய உயரத்தில், ஆசிரியர் அருகிலிருக்க, வானில்தான் கற்கவேண்டும்.

திரையில் எதைக் கண்டாலும் கேளுங்கள்: இந்த எண்ணை எங்கே அளந்தார்கள்?