ஈசலுக்குள் கிருமிநாசினி: பாக்கெட் உணவுக்கு வந்தால் பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா?

மழை விட்ட மாலை. திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கு வைத்துப் பிடித்து, இறகை உதிர்த்து, அரிசியோடு வறுத்துச் சாப்பிடுவது பழைய பழக்கம். இப்போது பூச்சிகளின் உடம்பிலுள்ள கிருமி எதிர்ப்புப் பொருளை, உணவு கெடாமல் காக்கப் பயன்படுத்தலாமா என உலகெங்கும் ஆய்வு நடக்கிறது. அப்படி வந்தால், ஸ்ரீரங்கத்தில் சைவம் மட்டும் சாப்பிடும் குடும்பத்துக்கு அது எப்படித் தெரியும்?

ஈசலுக்குள் என்ன இருக்கு?

ஈசல் என்பது இறகு முளைத்த கரையான்தான். ஈரமும் பூஞ்சையும் நிறைந்த புற்றுக்குள் வாழும் கரையானுக்கு, தற்காப்பு அவசியம். 2001-ல் ஆப்பிரிக்கக் கரையான் ஒன்றில் 'டெர்மிசின்', 'ஸ்பினிஜெரின்' என்ற இரண்டு பெப்டைடுகள், அதாவது சின்னப் புரதத் துண்டுகள், கண்டறியப்பட்டன. முதலாவது பூஞ்சையைத் தடுக்கும். இரண்டாவது பாக்டீரியாவையும் எதிர்க்கும்.

அப்போ ஈசல் சாப்பிட்டா நோய் வராதா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பொருள் வேறு, வறுத்த ஈசல் வேறு. வயிற்றுக்குள் போனால் அதுவும் மற்ற புரதம் போல செரிமானமாகிவிடும்.

உணவைக் காக்க பெப்டைடா?

இது புதுசு இல்லை. பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் 'நைசின்' என்ற பெப்டைடு, சீஸ் போன்ற உணவுகளில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. பூச்சிப் பெப்டைடு அந்த இடத்துக்கு வர, பாதுகாப்புச் சோதனை, உற்பத்திச் செலவு, அரசு அனுமதி எல்லாவற்றையும் தாண்ட வேண்டும்.

லேபிள் என்ன சொல்லும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி, பூச்சி சேர்த்த உணவும் அசைவம்தான். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். ஆனால் தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மிட்டாய்க்குப் பளபளப்பு தரும் அரக்கு, பூச்சி சுரக்கும் பிசின். அதாவது, பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டிலும் பூச்சி தந்த பொருள் இருக்கலாம்.

யார் கவனமாக இருக்கணும்?

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள். அவர்களுக்குப் பூச்சி உணவும் அலர்ஜி தரலாம். 2021-ல் மஞ்சள் மாவுப்புழுவை உணவாக அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம், லேபிளில் இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

ஈசல் வறுத்துத் தின்பவர்களுக்குத் தட்டில் இருப்பது என்னவென்று கண்ணுக்கே தெரியும். பாக்கெட் வாங்குபவர்களுக்கு லேபிள்தான் கண். 'இயற்கையானது' என்ற ஒரு வார்த்தை மட்டும் போதாது, எதிலிருந்து எடுத்தது என்பதும் அதில் இருக்க வேண்டும்.