ரப்பர் சட்டையும் லூசியானாக் காற்றும்

சின்னம்மா மகன் இங்கிலாந்திலிருந்து போன் பண்ணினான். படிக்கப் போனவன். "அண்ணே, ஜூன்ல டிரையத்லான் பண்ணப் போறேன். ஏரியில நீந்தி, சைக்கிள் மிதிச்சு, கடைசியில ஓடணும். தண்ணி பதினாறு டிகிரிதான் இருக்குமாம். வெட்சூட் இல்லாம இறங்க முடியாது. மூணு பாத்து வச்சிருக்கேன். எதுன்னு நீங்க சொல்லுங்க, பாதிக் காசும் நீங்களே போடுங்க."

பகலில் வங்கிக் கவுண்டரில் கணக்கெழுதி, ராத்திரியில் கவிதை எழுதுகிறவனுக்கு வெட்சூட்டைப் பற்றி என்ன தெரியும்? நான் நீந்தப் பழகியது கல்குவாரிக் குட்டையில், அரை டவுசரோடு. ஊர்க் கிணறு எங்களுக்கு இல்லை. ஆனாலும் காசு போடுகிறவன் கேள்வி கேட்பான். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஏறிய கோபத்தைத்தான் தோழர்களே, இங்கே இறக்கி வைக்கிறேன்.

அவனுக்குச் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலில் சறுக்குகிறவன் போடும் சூட் வேறு, நீந்துகிறவன் போடுவது வேறு. டிரையத்லான் சூட்டுக்கு வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். தோள்பட்டையில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் தடிமன், கை சுழல வேண்டுமே. நெஞ்சிலும் தொடையிலும் நாலு, ஐந்து. ஐந்துக்கு மேல் கூடாது என்று உலக டிரையத்லான் அமைப்பே விதி வைத்திருக்கிறது. ஏன் விதி? அது குளிருக்கு மட்டும் போடுகிற உடுப்பு இல்லை. ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள் உடம்பை மிதக்க விடுகின்றன, இடுப்பும் காலும் மேலே வந்துவிடுகின்றன. கால் அமிழ்கிறவனுக்குத்தான் லாபம் அதிகம். அதனால்தான் 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், தண்ணீர் 22 டிகிரியைத் தொட்டுவிட்டால் சாதாரணப் போட்டியாளர்கள் சூட் போடக்கூடாது. முன்னணி வீரர்களுக்கு 20 டிகிரியிலேயே தடை. நம்ம சென்னைக் கடலுக்கு இந்தச் சமாச்சாரமே தேவையில்லை.

அளவுதான் முக்கியம். விலை அப்புறம். கரையில் நிற்கும்போது கொஞ்சம் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் சரி. முதுகின் கீழே தண்ணீர் தேங்கினால் பெரிசு. கழுத்து நெரித்தால் சிறிசு. ஆயிரம் பவுண்டு சூட் நல்ல நீச்சல்காரனுக்கு. நூற்றைம்பது பவுண்டுக்கு வருவதே உனக்குப் போதும். நகம் பட்டால் கிழியும், காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழை. இவ்வளவுதான்டா தம்பி விஷயம்.

இதெல்லாம் எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது. பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்: எந்தக் கம்பெனி தோள் எப்படி வளையும், எந்த மேல்பூச்சு எத்தனை நொடி மிச்சம் பிடிக்கும். ஒரே ஒரு கேள்விதான் இல்லை. இந்த ரப்பர் எங்கே, யார் வீட்டுப் பக்கத்தில் காய்ச்சப்பட்டது? வங்கியில் ஒரு பற்று எழுதினால் எதிர் வரவைக் காட்டாமல் அன்றைக்குக் கணக்கை மூட முடியாது. இவன்கள் வரவை மட்டும் எழுதி மூடிவிட்டுப் போகிறான்கள்.

நியோப்ரீன் என்பது மரத்துப் பால் அல்ல. 1930இல் அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி கண்டுபிடித்த செயற்கை ரப்பர். குளோரோப்ரீன் என்கிற, சீக்கிரம் ஆவியாகிற திரவத்திலிருந்து செய்வது. லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில், ரிசர்வ், லாபிளேஸ் என்ற ஊர்களுக்கு நடுவே, 1960களின் கடைசியிலிருந்து இதைக் காய்ச்சி வந்தார்கள். 2015இல் ஆலையை ஜப்பானின் டென்கா கம்பெனி வாங்கியது. பேட்டன் ரூஜிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை சுமார் 136 கிலோமீட்டர் நீளத்துக்கு ரசாயன ஆலைகள் வரிசை கட்டி நிற்கிற அந்தக் கரைக்கு அங்குள்ள மக்கள் வைத்த பெயர் புற்றுநோய்ச் சந்து. ஒரு காலத்தில் அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த பண்ணை மண். ஆலையைச் சுற்றி வாழ்கிறவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். ஆலைகள் எங்கே போய் உட்காரும் என்று தோழர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2010இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குளோரோப்ரீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. ஆயுள் முழுக்கச் சுவாசித்தாலும் தாங்கும் என்று அது போட்ட அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மைக்ரோகிராம். 2015 டிசம்பரில் நாடு முழுக்கக் காற்று நஞ்சின் அபாயத்தைக் கணக்கிட்டு வெளியிட்டபோது முதலிடத்தில் நின்றது இந்த ஆலையின் அக்கம்பக்கம். ஆலை எல்லையை ஒட்டி ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம் வேறு இருந்தது. ஐந்து வயசுப் பிள்ளை எந்தப் பந்தயத்துக்காக அந்தக் காற்றைக் குடித்தது? 2016இல் ராபர்ட் டெய்லர் என்கிற முதியவரும் ஊர்க்காரர்களும் ஒரு அமைப்பைத் தொடங்கி, கேட்டது ஒன்றே ஒன்று: 0.2க்குக் கொண்டு வா.

கம்பெனி என்ன சொன்னது? முகமையின் கணக்கே தப்பு, மாநிலத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டில் அங்கே நோய் கூடுதலாகக் காணவில்லை என்றது. ரொம்ப நல்லது. ஆலையை ஒட்டிய நாலு தெருவைப் பெரிய நிலப்பரப்பின் சராசரியில் கரைத்தால் எந்தச் சாவுதான் தெரியும்? சராசரி என்பது அதிகாரத்தின் பாஷை. சேரிக்கும் ஊருக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் எல்லார் வீட்டிலும் குழாய் இருக்கும்.

2023 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை ஆலை மேல் வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: பன்மைத்துவம், சமத்துவம் என்று பேசும் திட்டங்களை ஒழிக்கிற கொள்கைக்கு இது ஏற்றதாம். காற்றைச் சுத்தம் செய் என்பதே சலுகை ஆகிவிட்டது! இட ஒதுக்கீட்டைப் பற்றிக் கேன்டீனில் நம் காதுபட முனகுகிறவர்களின் குரல் இங்கிலீஷில் கேட்கிற மாதிரி இல்லை? 2025 மே மாதம் கம்பெனி அங்கே உற்பத்தியைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. மனம் திருந்தி அல்ல. நட்டமாம், மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு கட்டுப்படியாகவில்லையாம்.

"அதான் நிறுத்திட்டாங்களே அண்ணே" என்றான் தம்பி. நிறுத்தினது அந்த ஊரில். குளோரோப்ரீனை யாரும் நிறுத்தவில்லை, வேறெங்கோ காய்ச்சுகிறார்கள். உன் சூட்டின் ரப்பர் ரிசர்வ் ஊரிலிருந்து வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஜப்பானில் செய்த தகடாக இருக்கலாம், தைவானில் தைத்ததாக இருக்கலாம். துணிக் கடைக்காரன் பருத்தியா பாலியெஸ்டரா என்று அச்சடிக்கிறான். இவன் எந்த ஆலை ரப்பர் என்று அச்சடிப்பதில்லை. அந்த மௌனம்தான் வியாபாரம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் பம்மாத்துப் பண்ணுகிறவன் ஆவேன்: நியோப்ரீனில் பெரும்பகுதி காரின் பெல்ட்டுக்கும் குழாய்க்கும் பசைக்கும் போகிறது. வெட்சூட்டுக்குப் போவது கொஞ்சம். ஆனால் காரின் பெல்ட்டை யாரும் இயற்கையோடு ஒன்றும் அனுபவம் என்று விற்பதில்லை.

அடுத்த ஏமாற்று, 'சுண்ணாம்புக்கல் நியோப்ரீன்'. பெட்ரோலிலிருந்து எடுக்கவில்லை, ஆகவே பசுமை என்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லை மின்உலையில் எரித்துக் கார்பைடு ஆக்கி, அசிட்டிலீன் எடுத்து, அதிலிருந்து செய்வதும் அதே குளோரோப்ரீன்தான். பாதை மாறினாலும் போய்ச் சேர்கிற இடம் ஒன்றே. பெயரை மாற்றினால் தொழில் மாறிவிடும் என்று நமக்கும்தான் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள்.

மாற்று இல்லையா? இருக்கிறது. மரத்துப் பாலைச் சுத்திகரித்த ரப்பரில் யூலெக்ஸ் என்ற பெயரில் வருகிறது. படகோனியா கம்பெனி 2016இலேயே தன் சறுக்கு சூட்டுகளில் நியோப்ரீனைக் கைவிட்டது. இதற்கும் நான் கும்பிடு போடத் தயாரில்லை. ரப்பர்ப் பால் வெட்டுகிற கைக்கு என்ன கூலி என்று கன்னியாகுமரித் தோட்டங்களில் போய் விசாரித்தால் தெரியும். ஆனாலும் கூலிக்குச் சண்டை போடலாம். மூச்சுக்காற்றோடு எப்படிச் சண்டை போடுவது?

கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவத் தோழர் சிரித்தார். "ஆயிரம் பவுண்டு சட்டை நம்ம பத்திரிகையில எதுக்குத் தோழர்?" நம் பிள்ளை அந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறான், அதுக்குத்தான். இறங்குகிறவன் இன்னொரு சேரியின் மூச்சை உடம்பில் மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டுமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நீச்சல் பணக்காரனுடையது என்று விட்டுக்கொடுத்தால் கிணற்றையும் சேர்த்து விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

தம்பி கடைசியில் புதுசு வாங்கவில்லை. அங்கே ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அப்படி நாலு பேர் போட்ட சூட் ஒன்றை எடுத்தான். என் பங்கு நாற்பது பவுண்டுக்குள் முடிந்தது. அவன் பார்த்து வைத்திருந்த மூன்று கம்பெனிக்கும் 'உங்கள் ரப்பர் எந்த ஆலையில் செய்தது' என்று கடிதம் எழுதச் சொன்னேன், எழுதினான். இரண்டு பேர் பதிலே போடவில்லை. மூன்றாவது கம்பெனி அடுத்த சூட்டுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி அனுப்பியிருக்கிறது.