வேலிக்கும் நம் மண்ணின் மரம்

கூம்புத் தாவரம் என்றதும் மாணவர்களுக்குக் குளிர்நாட்டு பைன் மரம்தான் நினைவுக்கு வரும். நம் கடலோரத்திலும் இயற்கையாக வளரும் கூம்புத் தாவரம் ஒன்று உண்டு. அதன் பெயர் போடோகார்பஸ் பாலிஸ்டாக்கியஸ். ஊசி இலைகளுக்குப் பதில் இதற்கு ஒடுங்கி நீண்ட, தடித்த இலைகள்.

பாறைக் கரைகளிலும் கடலோரச் சதுப்புக் காடுகளின் ஓரத்திலும் வளர்வதால், உப்புக் காற்று இதற்குப் பழக்கம். ஜொகூர் நீரிணையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவுக்கு இது பொருத்தமான வேலிச்செடி. அழகுக்காக வீடுகளில் வைக்கப்படும் போடோகார்பஸ் மேக்ரோஃபில்லஸ் இதன் உறவுதான். ஆனால், அதன் தாயகம் சீனாவும் ஜப்பானும்.

இது மெதுவாக வளரும் என்பது சிலருக்குக் குறை. வேலிக்கோ அதுவே நன்மை; அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை.

ஆயினும், உள்நாட்டு மரத்தை நட்டால் மட்டும் போதாது என்பேன். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் மகரந்தத்தைக் காற்று கொண்டு செல்லும். பெண் மரத்தில் விதையைத் தாங்கும் சதைப்பகுதி சிவந்து பழுக்கும். பறவைகள் அதைத் தின்று விதையைப் பரப்பும். ஒரே மரத்தின் கிளைத்துண்டுகளிலிருந்து வளர்த்த கன்றுகள் எல்லாம் ஆணாகவோ பெண்ணாகவோ மட்டுமே இருக்கும். ஓயாமல் கத்தரித்தால் விதை பிடிக்கவும் வழியில்லை. அத்தகைய வேலி வெறும் பச்சைச் சுவர். பறவைகளுக்கு அதில் உணவில்லை.

ஆகவே, விதையிலிருந்து முளைத்த கன்றுகளை நடுவோம். வேலியின் இடையிடையே சிலவற்றை வெட்டாமல் மரமாக வளர விடுவோம். இதைப் பள்ளி வளாகத்திலேயே தொடங்கலாம். எது ஆண், எது பெண் என்று கண்டறிவதும் ஓர் அறிவியல் பாடமே.