கண்ணாடி போட்ட ஐபோனும் கண்ணாடி தேடும் கண்களும்

"பழகினால் எல்லாம் சரிவரும்." கணினி நிறுவனங்கள் தங்கள் இயங்குதளத்தின் முகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தப் பதில்தான் வருகிறது. கத்துகிறவர்கள் மாற்றத்துக்குப் பயந்தவர்கள், ஆறு மாதத்தில் வாயை மூடிக்கொண்டு பாவிப்பார்கள் என்று தொழில்நுட்பம் எழுதுகிறவர்களும் கூடச்சேர்ந்து பாடுவார்கள். 2025 ஜூன் 9 அன்று அப்பிள் நிறுவனம் 'லிக்விட் கிளாஸ்' என்ற புதிய தோற்றத்தை அறிவித்தபோதும் இதே கதைதான். இந்தக் கதையில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் எழுத வருகிறேன்.

லிக்விட் கிளாஸ் என்றால் என்ன? ஐபோன், ஐபேட், மக் கணினி, கைக்கடிகாரம், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே தோற்றம். பொத்தான், மெனு, அறிவித்தல் எல்லாம் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி. பின்னால் இருப்பது ஊடாகத் தெரியும், ஓரத்தில் வெளிச்சம் வளையும், விரல் பட்டால் நீர்த்துளி போல அசையும். விஷன் புரோ என்று தலையில் மாட்டும் கருவி ஒன்றை அப்பிள் விற்கிறதல்லவா, இந்த எண்ணம் அங்கிருந்து வந்தது. அந்தக் கருவியில் அறையையும் பார்க்க வேண்டும், மெனுவையும் பார்க்க வேண்டும், ஆகவே கண்ணாடிக்கு ஒரு நியாயம் இருந்தது. கையில் பிடிக்கும் போனுக்கு அந்த நியாயம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

முதல் பரீட்சார்த்தப் பதிப்பு வந்த அன்றே படங்கள் பறந்தன. வெளிச்சம், சத்தம், வைஃபை எல்லாம் மாற்றுகிற கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தால், பின்னால் இருக்கும் செயலிகளின் படங்கள் ஊடே தெரிந்து, எது பொத்தான், எது பின்னணி என்றே பிரிக்க முடியவில்லை. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் கண்ணாடி ஜன்னல்களை நினைவுபடுத்திப் பகிடி பண்ணினவர்களும் நிறைய. ஜூலையில் மூன்றாவது பரீட்சார்த்தப் பதிப்பில் கண்ணாடிக்குக் கொஞ்சம் பனி பூசினார்கள். உடனே மற்றப் பக்கத்தார் எழும்பினார்கள்: அழகாக இருந்ததை ஏன் கெடுத்தீர்கள்? நான்காவதில் திரும்பவும் தெளிவாக்கினார்கள். இப்படி முன்னுக்கும் பின்னுக்கும் இழுபட்டுத்தான் செப்டம்பர் 15 அன்று அது பொதுமக்களின் கைக்கு வந்தது. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 3 அன்று வந்த 26.1 பதிப்பில், 'கிளியர்' வேண்டுமா 'ரின்டட்' வேண்டுமா என்று கேட்கும் ஒரு தெரிவை அமைப்புகளுக்குள் வைத்தார்கள். இரண்டாவதைத் தெரிந்தால் கண்ணாடி மங்கி எழுத்து எழும்பி நிற்கும்.

வாசிக்க முடியவில்லை என்று சொன்னவர்கள் வெறும் பழக்கதோஷத்தில் சொல்லியிருந்தால், உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று ஏன் ஏழே வாரத்தில் இப்படி ஒரு தெரிவைக் கொண்டுவந்தது?

இதில் மர்மம் எதுவும் இல்லை. எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இருக்க வேண்டிய வெளிச்ச வேறுபாட்டுக்கு இணைய உலகில் ஒரு அளவுகோல் இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1. பெரிய எழுத்தென்றால் 3க்கு 1 போதும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து வைப்பவருக்கு இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரியும். கண்ணாடியில் எழுத்து வைப்பவருக்குத் தெரியாது. ஏனென்றால் பின்னணியைத் தீர்மானிப்பவர் அவர் இல்லை. உங்கள் பேரப்பிள்ளையின் படம் பின்னணியாக இருக்கலாம், பனி கொட்டிய வீதி இருக்கலாம், நீங்கள் விரலால் தள்ளத் தள்ள ஓடும் செய்தி இருக்கலாம். இயந்திரம் அந்தந்தக் கணத்தில் எழுத்தைக் கறுப்பாக்கலாமா வெள்ளையாக்கலாமா என்று கணக்குப் பார்க்கிறது. பல நேரம் சரியாகப் பார்க்கிறது, சில நேரம் தவறிவிடுகிறது. இருபத்தைந்து வயதுக் கண்ணுக்கு அந்தச் சில நேரம் பெரிய விஷயமில்லை. வயது போகப் போக, அதிலும் கண்ணில் வெண்புரை விழத் தொடங்கினால், மங்கலான வேறுபாடுகளைப் பிரிக்கும் சக்திதான் முதலில் குறைகிறது. அந்தக் கண்ணிடம் போய் "பழகுங்கோ" என்று சொல்ல முடியுமா? பழக்கத்தால் வெண்புரை கரையாது.

அப்பிளுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 2013 செப்டம்பரில் ஐஓஎஸ் 7 வந்தபோது பழைய தோல், மரம், நிழல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தட்டையான வெள்ளைத் திரை கொடுத்தார்கள். செயலியைத் திறக்கும்போது திரை பாய்ந்து வருகிற அசைவு சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் கொடுத்தது. முதலில் பலர் சிரித்தார்கள், போனைப் பார்த்து ஆருக்காவது சத்தி வருமா என்று. அக்டோபரிலேயே அந்த அசைவைக் குறைக்கும் தெரிவு வந்தது. பொத்தான் எது, வெறும் எழுத்து எது என்று தெரியவில்லை என்ற முறைப்பாட்டுக்கு, அடுத்த மார்ச்சில் பொத்தான்களுக்கு உருவம் போடும் தெரிவும் வந்தது.

மைக்ரோசொப்ட்டின் கதை இன்னும் பெரிது. 2012 அக்டோபர் 26 அன்று வெளியான விண்டோஸ் 8, பதினேழு வருடமாக இடது மூலையில் இருந்த 'ஸ்டார்ட்' பொத்தானைத் தூக்கிவிட்டுத் திரை முழுக்கச் சதுரச் சதுரமாகப் பெட்டிகளை வைத்தது. தொடுதிரைக்குச் செய்ததை மவுஸ் பிடித்த கைகளுக்கும் கொடுத்தார்கள். கணினியை அணைப்பது எப்படி என்று தேடித் திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் சின்னச் சின்ன மென்பொருட்களை மற்ற நிறுவனங்கள் காசுக்கே விற்றன, ஆட்கள் வாங்கவும் செய்தார்கள். ஒரு வருடம் முடிய முதலே, 2013 அக்டோபர் 17 அன்று வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பி வந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மெனுவே திரும்பி வந்தது. விண்டோஸ் 11இலும் இப்படித்தான்: திறந்திருக்கும் ஜன்னல்களின் பெயர்களைக் கீழ்ப்பட்டையில் தனித்தனியாகக் காட்டும் வசதியை 2021இல் எடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எல்லா முறைப்பாடும் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. 2011இல் அப்பிள் மக் கணினியில் பக்கத்தை உருட்டும் திசையைத் தலைகீழாக்கியபோது பெரிய ஆரவாரம். இன்றைக்கு அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. 2007இல் வேர்ட், எக்ஸெல் மெனுக்களை எடுத்து அகலப் பட்டை வைத்தபோதும் அதே ஆரவாரம்தான். இப்போது அந்தப் பட்டை இல்லாத வேர்ட்டை இளம் ஆட்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கவனியுங்கள், உருட்டும் திசையைப் பழையபடி மாற்றும் தெரிவு முதல் நாளிலிருந்தே அமைப்புகளுக்குள் இருந்தது. வேண்டியவர் மாற்றிக்கொண்டார், சண்டை தானாக அடங்கியது. கை பழகலாம். கண் பழகாது, வயிற்றுக் குமட்டல் பழகாது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'மாற்றத்துக்குப் பயம்' என்று பெயர் வைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

கை பழகும் என்றாலும் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கப் பாமினி போதும். தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ்ப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கலியாணக் கார்ட், மரண அறிவித்தல் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்த கைகள் எத்தனை! ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி: ஐந்து தட்டில் 'தமிழ்' வந்துவிடும். அதில் எந்த ஒழுங்கும் இல்லை, கைதான் ஒழுங்கு. 1999இல் தமிழ்நாட்டில் தமிழ்99 என்று திட்டமிட்ட விசைப்பலகை வந்தது, பிறகு யூனிகோட் வந்தது. பாமினிக் கைகள் அசையவில்லை. இன்றைக்கும் பாமினியில் அடித்து யூனிகோடுக்கு மாற்றி அனுப்புகிற மூத்த எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிற்போக்கு என்று சொல்பவர் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் சொல் அடித்துப் பார்க்கட்டும்.

நான் வேலை செய்கிற இடத்தில் சில வருடத்துக்கு முன் கணக்கு மென்பொருள் ஒன்று ஒரு திங்கட்கிழமை காலை முகம் மாறியிருந்தது. எந்த மென்பொருள் என்பது இங்கே வேண்டாம். இருபது வருடமாக அதில் சம்பளக் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர், யாழ்ப்பாணத்தில் வங்கியில் இருந்தவர், திரையைப் பார்க்காமலே வேலை முடிப்பவர். அன்றைக்கு அவர் ஒவ்வொரு பொத்தானையும் தேடித் தேடி அமர்த்தினார். "இதென்ன கோதாரி, எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருக்கிறாங்கள்" என்றார். மூன்று வாரத்தில் பழகிவிட்டார், உண்மை. அந்த மூன்று வாரமும் அவர் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வீட்டுக்குப் போனார். அந்த மணித்தியாலங்களை யார் கணக்கில் எழுதினார்கள்?

மக் கணினியிலும் இந்த முறை அப்படி ஒன்று போனது. 2011இலிருந்து இருந்த 'லோஞ்ச்பாட்' என்ற செயலிப் பலகை இப்போதைய டாஹோ பதிப்பில் இல்லை. அதில் தங்களுக்கு வேண்டியபடி பக்கம் பக்கமாக, கூடை கூடையாக அடுக்கி வைத்தவர்களின் அடுக்கெல்லாம் போய்விட்டது. புதிதாக வந்த பட்டியலில் அப்படி அடுக்க முடியாது. வீட்டுக்காரர் வந்து குசினியில் எங்கள் மிளகாய்த்தூள் போத்தலை இடம் மாற்றி வைத்தால் சும்மா இருப்போமா?

வேண்டாமென்றால் பழையதிலேயே இருக்கலாமே என்று கேட்கலாம். முன்பு இருந்தோம். விண்டோஸ் 8 வந்தபோது எத்தனையோ அலுவலகங்கள் விண்டோஸ் 7ஐ விட்டு அசையவில்லை, அந்த மறுப்புத்தான் மைக்ரோசொப்ட்டின் காதைத் திறந்தது. இப்போது அந்தக் கதவு ஒடுங்கி வருகிறது. ஐபோனில் புதிய பதிப்புக்குப் போனால், பழைய பதிப்புக்கு அப்பிள் அனுமதி கொடுப்பதைக் கொஞ்ச நாளில் நிறுத்திவிடும், திரும்ப வழியில்லை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்னும் ஒரு வருடம் அதில் இருக்க விரும்பும் வீட்டுப் பாவனையாளருக்கு 30 டொலர், அல்லது தன் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைக்க வேண்டும். ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் நுகர்வோர் அமைப்புகள் குரல் கொடுத்ததால் அங்கே காசும் இல்லை, அந்த இணைப்புக் கட்டாயமும் இல்லை. இங்கே கனடாவில் அந்தச் சலுகை கிடையாது. பாதுகாப்பையும் தோற்றத்தையும் ஒரே பொதியில் கட்டி விற்பதால், திருடனுக்குப் பயந்து பூட்டை மாற்றப் போனவருக்கு வீட்டின் கதவு, ஜன்னல், நிறம் எல்லாம் சேர்த்து மாறிவிடுகிறது. எனக்கு இதுதான் லிக்விட் கிளாஸை விடப் பெரிய பிரச்சினை. பாதுகாப்புத் திருத்தம் வேறு, தோற்றம் வேறு என்று பிரித்துக் கொடுக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. இரண்டு முகங்களை ஒரே நேரத்தில் பராமரிக்கச் செலவு கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்று. நாம் செய்தியில் பார்க்கும் 'பாவனையாளர் எதிர்வினை' யாருடையது? ஜூன் மாதமே பரீட்சார்த்தப் பதிப்பை இறக்கிப் பார்ப்பவர்கள் மென்பொருள் எழுதுகிறவர்களும் ஆர்வலர்களும்தான். அவர்கள் ஆங்கிலத்தில், படம் பிடித்து, அம்புக்குறி போட்டு எழுதுவார்கள். ஸ்கார்பரோவில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருந்து, ஊரில் இருக்கும் சகோதரியோடு வட்ஸ்அப்பில் கதைப்பதற்காக மட்டும் ஐபோன் வைத்திருக்கும் அம்மம்மாவின் எதிர்வினை எங்கே பதிவாகிறது? அவ போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பா, பிறகு கிட்டப் பிடித்துப் பார்ப்பா. "என்ர கண்தான் போட்டுது" என்று தன்னையே குறை சொல்லிவிட்டு, பேரன் ஞாயிற்றுக்கிழமை வரும்வரை பொறுத்திருப்பா. பேரனும் பதினைந்து வயது அவசரத்தில் எதையோ தட்டிச் சரியாக்கிக் கொடுத்துவிட்டுப் போவான். நிறுவனத்தின் கணக்கில் அவ புதிய தோற்றத்தை ஏற்றுக்கொண்ட பாவனையாளர்களில் ஒருவர்.

லிக்விட் கிளாஸ் உருவானபோது அப்பிளின் தோற்ற வடிவமைப்புக்குத் தலைவராக இருந்த அலன் டை, 2025 டிசம்பரில் மெட்டா நிறுவனத்துக்குப் போனார். விண்டோஸ் 8 வெளிவந்து மூன்று வாரம் முடிவதற்குள் அதன் தலைவர் ஸ்டீவன் சினொஃப்ஸ்கியும் மைக்ரோசொப்ட்டை விட்டுப் போனவர். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை கட்டுவது ஊகம், அதில் எனக்கு ஆர்வமில்லை. ஆள் போனாலும் கண்ணாடி உடனே போகப் போவதில்லை.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் ஐபோன் வைத்திருந்தால், அடுத்த முறை போகும்போது அமைப்புகளுக்குள் 'டிஸ்பிளே அன்ட் பிரைட்னஸ்' என்பதைத் திறந்து லிக்விட் கிளாஸை 'ரின்டட்' ஆக்குங்கள். போதாவிட்டால் 'அக்ஸெஸிபிலிட்டி' என்பதற்குள் 'டிஸ்பிளே அன்ட் டெக்ஸ்ட் சைஸ்' பகுதியில் 'ரிடியூஸ் ட்ரான்ஸ்பரென்சி' இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். மக் கணினியில் முதலாவது 'அப்பியரன்ஸ்' பகுதிக்குள் இருக்கும். மாற்றும்போது அவசரப்படாமல், அவர்களை அருகில் இருத்தி, எங்கே தட்டுகிறீர்கள் என்று காட்டிக்கொண்டே செய்யுங்கள்.