புல்லுக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு தெரியுமோ?

முதல் ரொறன்ரோவில தொடர்மாடி. பிறகு ஸ்காபரோவில வீடு. பிறகு மார்க்கம், ஏஜக்ஸ். இப்ப அதையும் தாண்டிப் போய் ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வளவோட வீடு வாங்குறதுதான் எங்கட சனத்தின்ர புதுப் பெருமை. வாங்கட்டும். ஊரில காணியை விட்டிட்டு ஓடி வந்த சனத்துக்குக் காணி ஆசை இருக்கும்தானே. எனக்கு அதில ஒரு எரிச்சலும் இல்லை. என்ர எரிச்சல் முழுக்க, வீடு வாங்கி அடுத்த மாசமே வாசலில வந்து நிக்கிற ட்ரக்டரில.

புல் வெட்டத்தான் வாங்கினவையாம். முன்னுக்கு மண் அள்ளுற வாளி, பின்னுக்கு வெட்டுற தட்டு, ஒரு தொன்னுக்கு மேல பாரம். அதில ஏறி இருந்து வளவு முழுக்க ஓட்டி, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினால்தான் மனுசனுக்கு நித்திரை வரும். சரி ஐயா, ஓட்டுங்கோ. ஆனா எதுக்கு மேல ஓட்டுறியள் எண்டு ஒருக்காலாவது கேட்டனியளோ?

நகரத்துக்குள்ள இருக்கேக்க கக்கூசில தண்ணியை இழுத்துவிட்டால் அது நகரசபையின்ர பிரச்சினை. வெளியில போனால் அப்பிடி இல்லை. உங்கட கழிவு உங்கட வளவிலதான் கிடக்கு. வீட்டுக்குப் பக்கத்தில நிலத்துக்குக் கீழ ஒரு செப்ரிக் ராங்க். ஒன்ராறியோக் கட்டடச் சட்டப்படி குறைஞ்சது 3,600 லீற்றர் கொள்ள வேணும். அதில கட்டி அடியில படியும், கொழுப்பு மேல மிதக்கும், நடுவில இருக்கிற தண்ணி வெளிய போகும். எங்க போகும்? இதுதான் கனபேருக்குத் தெரியாது. வளவில ஒரு பக்கமாப் பரவிக் கிடக்கிற ஓட்டை போட்ட பைப்புகளுக்குள்ள போகும். அந்தப் பைப்புகள் சல்லிக்கு மேல படுத்துக் கிடக்கும், அதுக்கும் மேல கொஞ்ச மண், அதுக்கு மேல புல். ஆழம் ஒண்டும் பெரிசா இல்லை. எல்லாம் ரெண்டு மூண்டு அடிக்குள்ளதான்.

ராங்க் ஒரு சட்டி மாதிரி. உண்மையான வேலை செய்யிறது மண். கழிவுத்தண்ணி சல்லியால இறங்கி மண்ணுக்குள்ள மெதுவாப் போகேக்க, மண்ணில இருக்கிற கிருமிகள் அதில உள்ள அழுக்கைத் தின்னும், கெட்ட கிருமிகள் மண்ணில பிடிபட்டுச் சாகும். அதுக்கு மண்ணில காத்துப் போற இடைவெளி வேணும்.

புட்டுக் குழலுக்குள்ள மாவை உதிரியாப் போட்டால் ஆவி மேல வரும். அதையே கையால அமத்தி அடைச்சுப் பாருங்கோ. ஆவி வராது, அடியில சொதசொதப்பு, மேல பச்சை மா. ட்ரக்டர் ஓடின மண்ணும் அதுதான். பாரம் மண்ணை இறுக்கும், காத்து இல்லாமல் போகும், தண்ணி கீழ இறங்காது. இறங்காத தண்ணி ரெண்டு வழியில வரும். ஒண்டு, புல்லுக்கு மேல. மற்றது, உங்கட பேஸ்மென்ற் கக்கூசுக்குள்ளால. போதாக்குறைக்குப் பைப்பே நசிஞ்சால் கதை முடிஞ்சுது. பனி கரையிற சித்திரை வைகாசியில ஈர மண்ணில ஓட்டினால் எல்லாத்திலயும் மோசம். அப்பதான் எங்கட ஆக்களுக்கு ட்ரக்டர் எடுக்கிற அவசரமும் வரும்.

இதைச் சொன்னால் சண்டைக்கு வருவினம். “சக்கரம் அகலம், பாரம் பரவிப் போகும்” எண்டு ஒருத்தர் எனக்குப் பாடம் எடுத்தவர். அகலச் சக்கரம் புல்லைக் காப்பாத்தும், அது உண்மை. ஆனா ஆழத்தில மண் இறுகிறது அச்சில ஏறுற மொத்தப் பாரத்தில. வாளி நிறைய மண்ணையும் ஏத்திக்கொண்டு ஒரே தடத்தில பத்துத்தரம் போட்டு வந்தால் சக்கரம் எவ்வளவு அகலமா இருந்தென்ன? இன்னொருத்தர் சொல்லுறார், “வீடு வித்த வெள்ளைக்காரன் இருவது வருசமா ஓட்டினவன்.” அண்ணை, அவன் ஏன் வித்தவன் எண்டு யோசிச்சனீங்களோ? செப்ரிக் ஒரு நாளில சாகாது. கொஞ்சம் கொஞ்சமாச் செத்து, உங்கட கையில வந்துதான் உயிரை விடும். திருப்பிப் போட இருவதாயிரம், முப்பதாயிரம் டொலர் எண்டு சர்வசாதாரணமாக் கேப்பாங்கள்.

“புல் என்ன வடிவாப் பச்சையா இருக்குப் பாருங்கோ” எண்டு காட்டினவையும் இருக்கினம். கோடு கோடா அந்த இடம் மட்டும் கடும்பச்சையா இருந்தால் அது வடிவில்லை. கழிவுத்தண்ணி மேல வாற அடையாளமா இருக்கலாம். அந்தப் பச்சையைக் கண்டிட்டு “மண் நல்ல மண்” எண்டு அதிலயே மண் கிளறுற மெசின் விட்டு, கம்பு அடிச்சுப் பாகல் பந்தலும் போட்டு, பக்கத்தில கீரையும் விதைக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். அந்தக் கீரையில சுண்டல் வேற. எனக்கும் தந்தவை. நான் தொடேல்லை.

அடுத்தது கொண்டாட்டம். சாமத்தியவீட்டுக்கு ஐம்பது கார் வந்தால் எங்க விடுறது? புல்லிலதான். நான் வேலை செய்யிற சாப்பாட்டுக் கடையில இருந்து உப்பிடியான வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டு போறனான். வீட்டுக்காரர் கையைக் காட்டி “அண்ணை, வானைப் புல்லில ஏத்திப் பின்னுக்கு விடுங்கோ” எண்டுவார். ராங்க் எங்க, பைப் எங்க எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடியெண்டால் நான் ஏத்த மாட்டன். நானும் கூட வாற பெடியனும் புரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பம். சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். (பிறகு மிஞ்சின குழம்பு எண்ணெயைச் சிங்குக்குள்ள ஊத்துவினம். கடையில எண்ணெய் பிடிக்கிற தொட்டியைக் கழுவுறவன் நான், அது பைப்புக்குள்ள என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத் தனிப்பதிவு எழுதவேணும்.)

“என்ர வளவு, என்ர காசு, உமக்கென்ன?” எண்டு கேக்கிறது நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். உங்கட வளவோட நிண்டால் நான் வாயே திறக்க மாட்டன். அங்க குழாய்த்தண்ணி இல்லாத இடங்கள் கன. பக்கத்து வீட்டுக்காரன் கிணத்துத் தண்ணி குடிக்கிறான். தண்ணி புகாத உறை ஆறு மீற்றராவது இறங்கின கிணறெண்டால் அந்தப் பைப்பில இருந்து குறைஞ்சது 15 மீற்றர், மற்றக் கிணறெண்டால் 30 மீற்றர் எண்டு சட்டம் தூரம் வைச்சிருக்கிறது, மண் ஒழுங்கா வேலை செய்யும் எண்ட நம்பிக்கையில. மண்ணை நீங்கள் கொண்டால், மேல வந்த தண்ணி மழையோட சரிவு பாத்து ஓடும். அதுக்கு மீற்றர்க் கணக்குத் தெரியாது.

2000ஆம் ஆண்டு வைகாசியில இதே ஒன்ராறியோவில வோக்கர்ட்டன் எண்ட சின்ன ஊரில என்ன நடந்தது? கடும் மழைக்குப் பிறகு ஆழம் குறைஞ்ச ஊர்க்கிணறு ஒண்டுக்குள்ள ஈ-கோலைக் கிருமி போனது. ஏழு பேர் செத்தவை, ரெண்டாயிரத்துக்கு மேல வருத்தம். அது செப்ரிக்கால வந்ததில்லை, மாட்டெருவால. குளோரின் பாக்க வேண்டியவையும் ஒழுங்காப் பாக்கேல்லை. ஆனா கழிவுக்கும் கிணத்துக்கும் நடுவில மண் காவல் நிக்காட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்? 2006இல சுத்தமான தண்ணிக்கெண்டே ஒரு சட்டம் கொண்டு வந்தவை. ஊர்க்கிணறுகளுக்குக் கிட்ட ஆபத்தான இடங்களில இருக்கிற செப்ரிக்குகளை அஞ்சு வருசத்துக்கு ஒருக்காப் பாக்க வேணும் எண்டது அதுக்குப் பிறகு வந்ததுதான்.

எங்களுக்கு இது புதுக்கதையும் இல்லை. யாழ்ப்பாணத்தில கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பு வெடிப்பா. வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, பெரும்பாலும் நிலத்தடித் தண்ணிதான். நெருக்கமான காணிகளில கக்கூசுக் குழியும் கிணறும் பக்கத்தில பக்கத்தில. நெருப்புக்காய்ச்சல் எண்டால் முதல் கிணத்தைத்தான் சந்தேகப்படுறது. கிணத்தடியில செருப்போட ஏறினதுக்கு அம்மம்மாவிட்டப் பேச்சு வாங்கி வளர்ந்த சனம், இஞ்ச வந்து அடுத்தவன்ர கிணத்துக்குக் கழிவை அனுப்புறது எந்த ஊர் நியாயம்?

புல்லை வெட்ட வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? தள்ளுற மெசினால வெட்டுங்கோ. ஏறி இருந்து ஓட்டுற சின்ன மெசினும் மண் காய்ஞ்ச நாளில பெரிசாப் பாதிக்காது. ட்ரக்டரை மற்றப் பக்கம் ஓட்டி ஆசையைத் தீருங்கோ. நகரசபையில கேட்டால், அவையிட்டக் கோப்பு இருந்தால், செப்ரிக்கின்ர வரைபடம் எடுக்கலாம். வீடு வாங்க முதலே கேக்க வேண்டியது அது. வீடு வித்துத் தாற எங்கட முகவர்மாருக்குச் சமையலறைக் கல்லு கிரனைற்றோ குவாட்ஸோ எண்டு சொல்லத் தெரியுது, ராங்க் மூடி எங்க எண்டு சொல்லத் தெரியேல்லை. கொமிசன் மட்டும் சதம் பிசகாது.

இப்ப புரட்டாதி. நிலம் இறுக முதல் அந்த இடத்தின்ர நாலு மூலையிலயும் உயரமான கம்பு நடுங்கோ. பனி தள்ள வாறவனுக்கு இருட்டில ஒண்டும் தெரியாது, அவன் அதுக்கு மேலதான் ட்ரக்கை ஏத்தித் திருப்புவான். பனி அமந்தால் குளிர் இன்னும் கீழ இறங்கிப் பைப் உறையும். தை மாசத்தில உறைஞ்ச பைப்பைத் திறக்க ஆள் தேடிப் பாருங்கோ, பிறகு எனக்குப் பின்னூட்டம் போடுங்கோ.