தடுத்து நின்றவர்கள்



பாடசாலைக் காலத்தில் நான் வலைப்பந்தாட்ட அணியில் கோல் கீப்பராக நின்றவள். எறிபவளுக்கு மூன்று அடி தள்ளி நின்று, கையை உயர்த்திப் பந்தைத் தடுப்பதுதான் என் வேலை. போட்டி முடிந்ததும் கோல் போட்டவளைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் கொண்டாடுவார்கள். எத்தனை பந்து தடுக்கப்பட்டது என்று யாரும் எண்ணுவதில்லை. இன்றும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் போட்ட கோல்களை நாடே அறியும். அதே அணியில் மறுமுனையில் நின்று தடுத்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிறந்த விளையாட்டு. அந்தக் கூடைப்பந்தாட்டத்தில் தடுப்பதையே தொழிலாகக் கொண்டு உயர்ந்த ஒருவரைப் பற்றி இம்மாதம் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் டிக்கெம்பே முட்டொம்போ. 1966 இல் கொங்கோ நாட்டின் தலைநகர் கின்ஷாசாவில் பிறந்தவர். வைத்தியராகும் எண்ணத்தோடு புலமைப்பரிசில் பெற்று 1987 இல் அமெரிக்காவின் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஏழு அடி இரண்டு அங்குலம் உயரமான அவரைப் பயிற்றுநர் விடுவாரா? மைதானத்துக்கு அழைத்துக்கொண்டார்.

1991 முதல் 2009 வரை பதினெட்டுப் பருவங்கள் தொழில்முறையில் ஆடினார். சராசரியாக ஒரு போட்டிக்குப் பத்துப் புள்ளிகூட அவர் எடுத்ததில்லை. ஆனால் எதிரணியினர் கூடையை நோக்கி எறிந்த 3,289 பந்துகளைத் தடுத்தார். இது லேசான வேலையல்ல. பந்து மேலே ஏறும்போதே தட்டிவிட வேண்டும். இறங்கத் தொடங்கிய பின் கை பட்டால் எதிரணிக்கே புள்ளி போய்விடும். ஆகவே எறிபவர் எறியுமுன்னே, பந்து எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து அங்கே போய் நிற்க வேண்டும். சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதை 1995, 1997, 1998, 2001 ஆகிய நான்கு ஆண்டுகளில் பெற்றார்.

அப்படிப்பட்டவரால் ஒன்றை மட்டும் தடுக்க முடியவில்லை. 1997 இல் கின்ஷாசாவில் அவருடைய தாயார் பியாம்பா மேரி நோயுற்று விழுந்தார். நாட்டில் சண்டை. வீதிகள் மூடப்பட்டிருந்தன. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழியின்றி வீட்டிலேயே உயிர் பிரிந்தது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டு இரவொன்று நினைவுக்கு வந்தது. 1990 இல் ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த நேரம் என் ராத்தாவுக்குப் பிள்ளை வலி கண்டது. வாப்பா கடப்படிவரை போய்ப் போய்த் திரும்பினார். ரோட்டில் இறங்க முடியவில்லை. பின் வளவு வழியாக, வேலிகளைப் பிரித்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கையின் வயதான மருத்துவிச்சி வந்து சேர்ந்தார். ராத்தா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. அந்த மருத்துவிச்சியின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. இதை வாசிக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு இரவு இருக்கும்.

முட்டொம்போ அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தாய் எந்த இடைவெளியில் விழுந்தாரோ அங்கேயே போய் நின்றார். கின்ஷாசாவில் 300 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையொன்றைக் கட்டினார். 29 மில்லியன் டொலர் செலவில் பாதிக்கும் மேல் அவருடைய சொந்தப் பணம். 2007 இல் திறக்கப்பட்ட அதற்குத் தாயின் பெயரையே வைத்தார். 2024 செப்டெம்பரில், 58 வயதில் அவர் காலமானார். வைத்தியசாலை இருக்கிறது.

நம்மிடம் மில்லியன் இல்லை. ஆனால் இடைவெளி எங்கே என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். உங்கள் ஒழுங்கையில் மாதம் நிறைந்த பெண் யார், தனியாக இருக்கும் முதியவர் யார், நள்ளிரவில் வாகனம் தரக்கூடியவர் யார் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவின் இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அந்த இலக்கம் 1990. எங்கள் ராத்தா அதைத் தன் பேத்திமாருக்கு மனனம் செய்வித்திருக்கிறார். அந்த எண் ஏன் அவருக்கு மறக்காது என்பதைப் பிள்ளைகள் இன்னும் கேட்கவில்லை.

அந்த மருத்துவிச்சியைப் போல் உங்கள் ஊரில் தடுத்து நின்றவர்களைப் பற்றி எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் பேசுவோம்.